பூ விழுந்த கண்: ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் வேலை

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு தழும்பு. அதன் வழியே வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. அந்தப் பூ பெரும்பாலும் ஒரு புண் ஆறிய இடம். புண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் காயம் இருந்திருக்கும்: கதிர் அடிக்கையில் தெறித்த நெல் சுணை, கரும்புச் சோகையின் கீறல், பால் கறக்கும்போது மாட்டு வால் பட்டது, விறகு வெட்டும்போது பறந்த சிராய். கையில் பட்டிருந்தால் மறுநாள் மறந்துபோயிருக்கும். கருவிழியின் மொத்தக் கனமே நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். மேல்தோல் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தோல் கிழிந்த இடத்தில் கிருமி இறங்கிவிட்டால், ரத்தக் குழாயே இல்லாத அந்தத் திசுவுக்கு உதவி வந்து சேர நேரமாகும்.

மதுரை மாவட்டத்தில் 1990களில் எடுத்த கணக்கின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் வட்டாரத்தில் 1980களில் அது லட்சத்துக்கு 11. பத்து மடங்கு வித்தியாசம். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கருவிழியின் நடுப்பகுதியில் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர் எம். சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேர் முன்னதாகக் கண்ணில் ஏதோ பட்டதாகச் சொன்னவர்கள். 297 பேரிடம் கிருமி வளர்ந்தது. அதில் பாக்டீரியா மட்டும் 140 பேரிடம், பூஞ்சை மட்டும் 139 பேரிடம். சரிபாதி.

இந்தச் சரிபாதிதான் இந்தக் கட்டுரையின் மையம். மேலை நாடுகளில் கருவிழிப் புண் என்றால் கான்டாக்ட் லென்ஸ், கான்டாக்ட் லென்ஸ் என்றால் பாக்டீரியா. அங்கே எழுதப்பட்ட பாடநூல்களில் பூஞ்சைக்குக் கிடைத்தது சில பத்திகள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவர் ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும், இரண்டு மருந்துகளை ஒப்பிடப் போதுமான பூஞ்சைப் புண் நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். மதுரையிலோ அவர்கள் காலையில் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவமனையோடு ஒட்டிய ஆய்வு நிலையம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த வரிசையைக் காட்டினால் போதும்.

அரவிந்த் மருத்துவமனை 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமியால் 11 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை அதன் ஆய்வுக் கிளை. 2008 முதல் டாக்டர் ஜி. வெங்கடசாமி கண் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் அதற்குத் தனிக் கட்டடம் உண்டு. மரபணு, குருத்தணு, கண் நீர் அழுத்தம், புரதம் என்று பல துறைகள் அங்கே இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கருவிழிப் புண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நோயாளியின் கண்ணில் தொடங்கும் ஒரு கேள்வி நுண்ணோக்கி, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), மருந்துச் சோதனை என்று போய்த் திரும்பவும் நோயாளியின் கையிலுள்ள சொட்டு மருந்துக் குப்பிக்கே வந்து சேரும் முழுச் சுற்றும் இதில் தெரியும்.

புண்ணைச் சுரண்டுவது

எல்லாம் இந்த ஐந்து நிமிட வேலையில் தொடங்குகிறது. இதில் தவறு நேர்ந்தால் அதற்குப் பின்னால் எவ்வளவு விலையுள்ள கருவி இருந்தும் பயனில்லை.

நோயாளி ஸ்லிட் லேம்பின் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) முன் உட்காருகிறார். மரத்துப்போக 0.5 சதவீத புரோபரகெய்ன் சொட்டு. லிக்னோகெய்ன் ஏன் கூடாது என்றால், வலியோடு சேர்த்துக் கிருமியின் வளர்ச்சியையும் அது கொஞ்சம் அடக்கிவிடும். புரோபரகெய்னுக்கு அந்தக் குணம் குறைவு. புண்ணின் மேல் தொங்கும் சளியையும் பீளையையும் முதலில் துடைத்து எடுத்துவிட வேண்டும். அதில் இருப்பவை பெரும்பாலும் இமையோரத்துக் கிருமிகள். அதைப் பிளேட்டில் (கிருமி வளர்க்கும் அகர்க் கூழ் நிரப்பிய தட்டு) தேய்த்துவிட்டு 'ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தது' என்று அறிக்கை எழுதினால், நோயைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது.

சுரண்டக் கிமுரா ஸ்பாட்டுலா எனும் மெல்லிய பிளாட்டினத் தகடு அல்லது 15ஆம் எண் அறுவைக் கத்தி. பிளாட்டினத்தைத் தீயில் சிவக்கக் காட்டிவிட்டு ஆறவிட வேண்டும். கூட்டம் அதிகமுள்ள நாளில் இந்த ஆறவிடுதல்தான் முதலில் காணாமல் போகும். சூடான தகடு பட்ட இடத்தில் திசு வெந்துவிடும். அதில் இருந்த கிருமியும் செத்துப்போகும். பிளேட்டில் எதுவும் வளராது, ஏன் என்று யாருக்கும் தெரியாது.

எங்கே சுரண்டுவது? புண் பரவிக்கொண்டிருக்கும் ஓரத்திலும், அடித்தளத்திலும். இரண்டும் வேண்டும். நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஓரத்தில் இருக்கும். மொராக்ஸெல்லா என்ற பாக்டீரியா அடியில் இருக்கும். பூஞ்சை இன்னும் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். மேலே படிந்திருக்கும் செத்த திசுவை மட்டும் வழித்தெடுத்தால் பூஞ்சை கையில் அகப்படாது. ஆனால் புண் குழிந்து, அடி பளபளவென்று மெலிந்து தெரிந்தால் அங்கே தகடு போகக்கூடாது, ஓட்டையாகிவிடும். மேல்தோல் மூடி, உள்ளே மட்டும் வெள்ளையாகத் தெரியும் புண்ணிலும் சுரண்டினால் ஒன்றும் வராது. அதற்குப் பயாப்ஸிதான் வழி.

வருவது ஊசி முனையளவு. அதை எதற்குப் பங்கிடுவது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருத்து வேறுபாடு உண்டு. என் பார்வையில், கொஞ்சமே கிடைத்தால் முதலில் ஸ்லைடு. அதில் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும், இன்றைக்கே மருந்தைத் தொடங்கலாம். ஒரு ஸ்லைடு கிராம் சாயத்துக்கு (பாக்டீரியாவை நிறத்தால் பிரித்துக் காட்டுவது), ஒன்று 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு. ஆய்வகத்தில் எல்லோரும் கே.ஓ.எச். என்பார்கள். பிறகு ரத்த அகர், சாக்லேட் அகர், பூஞ்சைக்கு உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர் அல்லது சபுரோ அகர், கடைசியில் ஒரு குழம்பு ஊடகம் (கிருமி வளர்க்கும் திரவம்). ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஸ்லைடில் பெயரும் எண்ணும் பென்சிலால். பேனா மை சாயம் போடும்போது ஆல்கஹாலோடு கரைந்துபோகும். அப்புறம் அது யாருடைய கண் என்று தெரியாமல் போய்விடும்.

பிளேட்டில் தேய்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆங்கில 'சி' எழுத்து வடிவில், அகரின் மேற்பரப்பு கிழியாமல், வரிசையாகச் சில கோடுகள். அந்தக் கோட்டின் மேல் வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றிலிருந்து விழுந்தது. பூஞ்சை வித்துகள் எங்கும் மிதந்துகொண்டிருக்கும் ஊரில் இந்தச் சின்ன ஏற்பாடு இல்லையென்றால் அறிக்கையை நம்பவே முடியாது. குழம்பு ஊடகத்தில் கோடு கிடையாது என்பதால், அதில் மட்டும் வளர்ந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

பூஞ்சை அகரை வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். தோல் படைக்குப் பயன்படும் சபுரோ அகரில் சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்து கலந்திருக்கும். மண்ணில் வாழும் பூஞ்சைகளை அடக்கத்தான் அது சேர்க்கப்படுகிறது. தோல் மருத்துவத்தில் மண் பூஞ்சை வெறும் தொல்லை; கண்ணிலோ அதுதான் நோயே. தவறான பாட்டில் ஒன்று வந்தால் ஒரு மாதத்து பியூசேரியம் என்ற பூஞ்சை முழுக்க 'வளர்ச்சி இல்லை' என்று பதிவாகும்.

பாக்டீரியா 37 டிகிரியில் ஒன்றிரண்டு நாளில் தலைகாட்டும். பூஞ்சைக்கு 25 முதல் 27 டிகிரி. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். ஆனாலும் இரண்டு வாரம் வரை பிளேட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது வழக்கம்.

நுண்ணோக்கி சொல்வதும் கண் சொல்வதும்

கே.ஓ.எச். வேலை எளிது. ஒரு துளி விட்டுக் கவர்ஸ்லிப் மூடிச் சில நிமிடம் பொறுத்தால் திசுவும் செல்களும் கரைந்து தெளியும். பூஞ்சையின் இழைகள் கரையாமல் நிற்கும். கிளை பிரிந்து, நடுவில் தடுப்புச் சுவர்களோடு, ஒரே பருமனில் ஓடும் இழை தெரிந்தால் பூஞ்சை. பழுப்பு நிறமாக இருந்தால் கர்வுலேரியா போன்ற நிறமிப் பூஞ்சையாக இருக்கலாம். ஏமாற்றுபவை மூன்று. பஞ்சு நார் (பருமன் சீராக இருக்காது, முனை கிழிந்திருக்கும்), காய்ந்த கே.ஓ.எச். படிகம், செல்களின் விளிம்புகள் சேர்ந்து வலை போலத் தோன்றுவது. கரைசல் காயும் முன் பார்த்துவிட்டால் இரண்டாவது தொல்லை இல்லை.

கிராம் சாயத்தில் தவறு நடப்பது நிறம் நீக்கும் இடத்தில். சில விநாடி கூடினால் நீலமாக நிற்க வேண்டிய நிமோகாக்கஸ் சிவந்துவிடும். ஸ்மியர் (ஸ்லைடில் தேய்த்த படலம்) தடிமனாக இருந்தால் நேர்மாறு: சிவக்க வேண்டியது நீலமாகவே நின்றுவிடும். கருவிழிச் சுரண்டலில் ஸ்மியர் எப்போதும் ஓர் இடத்தில் கட்டியாகவும் இன்னோர் இடத்தில் மெலிதாகவும்தான் விழும். ஆகவே மெலிந்த இடத்தில் தெரியும் நிறத்தைத்தான் நம்ப வேண்டும்.

'அனுபவமுள்ள மருத்துவர் புண்ணைப் பார்த்தாலே தெரியாதா, எதற்கு இவ்வளவு?' என்று கேட்பவர்கள் உண்டு. இறகு போல் சிதறிய ஓரம், வறண்ட மேற்பரப்பு, பக்கத்தில் குட்டிப் புள்ளிகள் என்றால் பூஞ்சை என்பது வாய்ப்பாடு. இதையும் சோதித்துப் பார்த்தார்கள். கிருமி எது என்று உறுதியான புண்களின் புகைப்படங்களைக் கருவிழி நிபுணர்கள் 15 பேரிடம் கொடுத்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று மட்டும் கேட்டார்கள். சரியாகச் சொன்னது 66 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். வசதி குறைந்த இடங்களில் ஒரு நுண்ணோக்கியும் கே.ஓ.எச். பாட்டிலும் மட்டும் இருந்தாலும், அது நிபுணரின் கண்ணை விட நம்பகமானது.

பழைய மருந்தா, புது மருந்தா

நாட்டமைசின் என்ற பூஞ்சை மருந்து 1950களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. பெயரும் அந்த ஊரிலிருந்துதான். கண் சொட்டாக 5 சதவீதத்தில் வருகிறது. அது கரைசல் இல்லை. பால் போன்ற தொங்கல். குப்பியைக் குலுக்காமல் விட்டால் மேலே உள்ள தண்ணீர்தான் கண்ணில் விழும், மருந்து அடியில் தங்கிவிடும். 'நன்றாகக் குலுக்கி விடவும்' என்று சீட்டில் எழுதியிருந்தும் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். விட்ட பிறகு புண்ணின் மேல் வெள்ளையாகப் படியும். அதைச் சீழ் என்று நினைத்துப் பயந்து மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது என்பது அதன் மேல் இருந்த பழைய குற்றச்சாட்டு.

வோரிகோனசோல் புதிய தலைமுறைப் பூஞ்சை மருந்து. கண்ணுக்குள் நன்றாக இறங்கும். பல பூஞ்சைகளை அடக்கும். ஆய்வகக் குழாயில் நல்ல பெயர் வாங்கியது. ஊசி மருந்துக் குப்பியில் உள்ள 200 மில்லிகிராம் தூளில் 19 மில்லி தண்ணீர் சேர்த்தால் மில்லிக்கு 10 மில்லிகிராம், அதாவது 1 சதவீதச் சொட்டு கிடைத்துவிடும். விலை கூடுதல். உலகெங்கும் கருவிழி மருத்துவர்கள் மெல்ல இதன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

அரவிந்தும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் உள்ள பிராக்டர் கண் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து முதலில் 120 பேரை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தார்கள், 2010ல் வெளியானது. வோரிகோனசோல் பெற்றவர்களின் பார்வை, பார்வை அட்டையில் சுமார் ஒரு வரி கூடுதல். ஆனால் அது தற்செயலாகவும் நேரக்கூடிய அளவுதான். மருந்து உள்ளே இறங்க வழி செய்வதாக எண்ணி, சிலருக்குப் புண்ணின் மேற்பரப்பைத் திரும்பத் திரும்பச் சுரண்டியும் பார்த்தார்கள். அதனால் நன்மை எதுவும் தெரியவில்லை. முடிவு பாதகமான பக்கமே சாய்ந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் 'வோரிகோனசோல் கொஞ்சம் மேல்' என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சின்ன ஆய்வின் ஆபத்தே இதுதான். பொய் சொல்லாது, ஆனால் ஒரு பக்கம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும்.

2010 ஏப்ரலில் பெரிய சோதனை தொடங்கியது. தலைமை டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னாவும் சான் பிரான்சிஸ்கோவின் டாக்டர் தாமஸ் லீட்மனும். பணம் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனத்துடையது. ஸ்மியரில் இழைப் பூஞ்சை தெரிந்தவர்கள், பார்வை 6/12க்கும் (மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிப்பது) 6/120க்கும் இடையில் உள்ளவர்கள் மட்டும். மிக லேசான புண் எந்த மருந்திலும் ஆறிவிடும், மிக மோசமானது எதிலும் ஆறாது. இரண்டையும் சேர்த்தால் மருந்துகளின் வித்தியாசம் கலங்கிப்போகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, ஒரு வாரத்துக்கு. பிறகு மூன்று வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒரு முறை.

ஒரு சிக்கலைப் பாருங்கள். நாட்டமைசின் வெள்ளை, வோரிகோனசோல் தெளிவு. ஸ்லிட் லேம்பில் உட்காரும் மருத்துவர் புண்ணின் மேல் படிந்த வெள்ளையைப் பார்த்தாலே இது எந்த மருந்து என்று ஊகித்துவிடுவார். புண் ஆறியதா என்ற அவருடைய தீர்ப்பிலும் அந்த ஊகம் கலந்துவிடும். ஆகவே முக்கிய அளவை அவர் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூன்றாம் மாதத்தில், கண்ணாடி போட்டுத் திருத்திய பார்வை எவ்வளவு என்பதே முக்கிய அளவு. அதை எடுப்பவர் மருந்து எது என்று தெரியாத, தனியாகப் பயிற்சி பெற்ற பார்வை அளவீட்டாளர். எழுத்துப் படிக்காதவர்களும் இருப்பதால், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கை காட்டும் 'ஈ' அட்டை. 'ஏன் நேரடியாகத் தழும்பின் அளவைப் பார்க்கக்கூடாது?' என்றால், நோயாளிக்கு வேண்டியது பார்வை. ஓரத்தில் பெரிய தழும்பு இருந்தும் நன்றாகப் பார்ப்பவர் உண்டு. நடுவில் சின்னதாக விழுந்து முகம் தெரியாதவரும் உண்டு.

368 பேர் என்பது திட்டம். 323 பேர் சேர்ந்திருந்தபோது, இடையிடையே கணக்கைப் பார்க்கும் தனிக் குழு சேர்ப்பை நிறுத்தச் சொன்னது. நாட்டமைசின் பெற்றவர்களின் பார்வை சராசரியாக ஏறத்தாழ இரண்டு வரி மேலாக இருந்தது. புண் ஓட்டையாவதோ, அவசரமாகக் கருவிழி மாற்ற நேர்வதோ நாட்டமைசின் தரப்பில் பாதிக்கும் குறைவு. பியூசேரியம் உள்ளவர்களில் பார்வை வித்தியாசம் நான்கு வரி. மற்றப் பூஞ்சைகளில் பெரிய வேறுபாடு இல்லை. 2013ல் முடிவு வெளியானது. மலிவான, பழைய, ஆழத்துக்கு இறங்காது என்று பேர் வாங்கிய மருந்து ஜெயித்தது. 2017ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நாட்டமைசின் கண் சொட்டு இடம்பெற்றது.

அடுத்த சோதனை, மிக மோசமான புண் உள்ள 240 பேருக்குச் சொட்டு மருந்துகளோடு வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்தால் கண் தப்புமா என்பது. இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்தது. ஒட்டுமொத்தத்தில் பலன் இல்லை. பக்கவிளைவு மட்டும் கூடியது. புற ஊதாக் கதிரால் கருவிழியை இறுக்கும் முறையையும் பூஞ்சைப் புண்ணுக்கு முயன்றார்கள். அதிலும் பலன் இல்லை. இப்படி 'இல்லை' என்று வரும் விடைகளுக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் ஒரு குடும்பம் கடன் வாங்கிச் செய்யவிருந்த செலவைத் தடுப்பது இந்த 'இல்லை'தான்.

ஸ்டீராய்டு விவகாரம்

மெடிக்கல் ஷாப்பில் 'கண் சிவப்பு' என்று சொன்னால் பல நேரம் கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. சிவப்பு ஒரே நாளில் குறையும், வலியும் குறையும். புண் பூஞ்சையாக இருந்தால், எதிர்ப்பு அடங்கிய கண்ணுக்குள் அது நிம்மதியாக வளரும். இது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. தெரியாமல் இருந்தது வேறு: பாக்டீரியாப் புண் என்று உறுதியானபின், ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டீராய்டு சேர்த்தால் தழும்பு குறையுமா? இதற்கு மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பல பத்தாண்டுகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு விடை தேடிய சோதனையில் 2006 முதல் 2010 வரை 500 பேர் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பான்மை அரவிந்த் நோயாளிகள். கல்ச்சரில் பாக்டீரியா உறுதியாக வேண்டும், முதலில் 48 மணி நேரம் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும், பிறகே பாதிப் பேருக்கு 1 சதவீத பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு மருந்தில்லாச் சொட்டு. மூன்றாம் மாதத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கதை மாறுகிறது. விரலை எண்ணும் அளவுக்கோ அதற்கும் கீழேயோ பார்வை போயிருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கொஞ்சம் கைகொடுத்தது போலிருந்தது. நோகார்டியா என்ற கிருமி உள்ளவர்களுக்கோ ஸ்டீராய்டால் தழும்பு பெரிதானது. நோகார்டியா மண்ணில் வாழ்வது. நுண்ணோக்கியில் மெல்லிய நூல்போல் கிளைத்துத் தெரிவதால், அவசரத்தில் பார்ப்பவர் பூஞ்சை என்று எழுதிவிடும் வாய்ப்பும் உண்டு. இழை மிக மெலிதாக இருந்தால் 1 சதவீத அமிலத்தில் நிறம் நீக்கும் சாயத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கல்

சுரண்டல் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் இருக்கிறது. அமெரிக்கப் பணத்தில், இந்திய விவசாயியின் கண்ணில், எதற்காக? கேட்க வேண்டிய கேள்விதான். நான் பார்க்கும் அளவுகோல் இது: கேள்வி யாருடையது, விடை யாருக்குப் பயன்படும். பூஞ்சைப் புண் இங்கே உள்ளவர்களின் நோய். ஒப்பிட்ட இரண்டு மருந்தும் இங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. ஜெயித்தது இங்கே உள்ளவர்களால் வாங்க முடிகிற மருந்து. இங்கே விற்காத ஒரு மருந்தை இங்கே சோதிப்பது வேறு கணக்கு.

ஆனாலும் ஒப்புதல் வாங்கும் இடத்தில் மருத்துவமனை ஆய்வுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. வலியோடு வந்தவர், வெள்ளைக் கோட்டை நம்பி வந்தவர். "பெரியப்பா, இதுல ரெண்டு மருந்து இருக்கு. எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியலை. உங்களுக்கு எதுங்கறத டாக்டர் முடிவு பண்ண மாட்டார், சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான் வரும். வேண்டாம்னா வேண்டாம், வைத்தியம் ஒண்ணும் குறையாது" என்று ஆலோசகர் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், "நீங்க பார்த்து எதைக் குடுத்தாலும் சரிம்மா" என்று பதில் வரும். அது ஒப்புதல் இல்லை, நம்பிக்கை. இரண்டும் வேறு. நல்ல ஆலோசகர் அந்த இடத்தில் பேனாவை நீட்டாமல், "நான் இப்ப சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்பார். படிக்கத் தெரியாதவரென்றால், மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும்.

விதிகளும் இப்போது இறுகியிருக்கின்றன. 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்துச் சோதனைகள் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். என்ன அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுவதால், முடிவு வந்தபின் சாதகமான அளவைப் பொறுக்கி எடுக்க முடியாது. 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். மருத்துவமனையும் ஆய்வு நிலையமும் ஒரே குடும்பமாக இருக்கும் இடத்தில் இந்த வெளியாட்கள் தலையாட்டி பொம்மைகளாக இருந்தால் எல்லாமே வீண்.

இன்னொரு பலவீனம் மூன்றாம் மாதம். புண் ஆறிவிட்டவர் நாற்று நடப் போய்விடுவார். ஆறாதவர் வேறு ஊர் வைத்தியரிடம் போயிருப்பார். வராதவர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கணக்கு தப்பிக்கும். ஒரு மருந்தில் மோசமானவர்கள் மட்டும் வராமல் போனால் அந்த மருந்து நல்ல பெயர் வாங்கிவிடும். இதைப் புள்ளிவிவரத்தால் சரிக்கட்ட முடியாது. பேருந்துக் கட்டணம், தொலைபேசி, தேவைப்பட்டால் ஊருக்கே போய் அழைத்து வரும் களப்பணியாளர் ஆகியோரால்தான் முடியும். ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியாக வரும் இந்த வேலைதான் செலவில் பெரியது.

கிராமத்துக் களிம்பு

புண் வந்தபின் வைத்தியம் பார்ப்பதை விட, கீறல் பட்ட அன்றே தடுத்தால்? நேபாளத்தின் பக்தபூரில் 34,902 பேர் கொண்ட பகுதியில் இரண்டு ஆண்டுகள் இதைப் பார்த்தார்கள். கீறல் பட்டு 48 மணி நேரத்துக்குள் வந்த 442 பேருக்கு 1 சதவீத குளோராம்ஃபெனிகால் களிம்பு, நாளுக்கு மூன்று முறை, மூன்று நாள். 424 பேருக்குத் தொற்றில்லாமல் ஆறியது. 18 மணி நேரத்துக்குள் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. மதுரைக் கிராமங்களில், இந்தக் களிம்போடு பூஞ்சை மருந்தையும் சேர்க்க வேண்டுமா என்று ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆறிவிட்டது. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள வழி கிடைத்தாலே பூஞ்சைக்கும் இடமில்லாமல் போகிறது போலும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்தபூரில் களிம்பு பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. பெரும்பாலான கீறல்கள் சும்மா விட்டாலும் ஆறும். பின்னர் நேபாளத்தில் 24 ஊராட்சிப் பகுதிகளைப் பிரித்து, பாதியில் மட்டும் தன்னார்வலர்களிடம் களிம்பு கொடுத்து ஒப்பிட்டபோது, கருவிழிப் புண்ணின் எண்ணிக்கையில் வித்தியாசம் தென்படவில்லை. களிம்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தமா, கீறல் பட்டவர்கள் களிம்பிடம் போகவில்லை என்று அர்த்தமா? தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, நாக்கால் நெல் சுணையை எடுப்பது என்று கைவசம் வழிகள் இருக்கும்போது, தன்னார்வலர் வீடு எத்தனையாவது இடத்தில் வரும் என்பதைப் பொறுத்தது அது.

பெட்டியில் கிடந்தவை

கிருமியை அடையாளம் கண்டு அறிக்கை கொடுத்ததும் மருத்துவமனை ஆய்வகத்தின் வேலை முடிந்தது. ஆய்வு நிலையத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. பாக்டீரியாவைக் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். இழைப் பூஞ்சைக்கு இன்னும் மலிவான வழி உண்டு: வளர்ந்த அகரைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கிருமி நீக்கிய தண்ணீர்க் குப்பியில் போட்டு இறுக மூடி அறை வெப்பத்திலேயே வைப்பது. மின்சாரம் போனாலும் கவலையில்லை. இதில் கெட்டுப்போவது பூஞ்சை இல்லை, பதிவேடு. குப்பியில் எண் அழிந்து, எந்த நோயாளியின் கண், என்ன மருந்து, ஆறியதா என்ற தொடர்பு அறுந்துவிட்டால் அது வெறும் தண்ணீரில் கிடக்கும் பூசணம்.

பல ஆண்டுகளாக இந்தியக் கண் ஆய்வகங்களில் ஒரு வகைப் புண் குழப்பிக்கொண்டிருந்தது. கே.ஓ.எச்.சில் பூஞ்சை போல் தெரியும். பிளேட்டில் பூஞ்சை போல் வளரும். வித்து மட்டும் வராது. நாட்டமைசின், வோரிகோனசோல் எதற்கும் மசியாது, கண் போய்விடும். ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தினர் சேமிப்பிலிருந்த இத்தகைய பழைய குப்பிகளை எடுத்து மரபணு வரிசையைப் படித்தபோது, அவற்றில் சில பூஞ்சையே இல்லை, பிதியம் இன்சிடியோசம் என்று தெரிந்தது. நீரில் வாழும் வேறொரு உயிர் வகை. நாட்டமைசின் பற்றிக்கொள்ளும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் அதன் சவ்வில் கிடையாது. மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான். லினிசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகளுக்குத்தான் அது ஓரளவு கட்டுப்படுகிறது. பலருக்கு அறுவையும் வேண்டியிருக்கிறது.

இப்போது ஸ்லைடிலேயே சந்தேகப்படலாம். இழை அகலமாக, நாடா போல, தடுப்புச் சுவர் அரிதாகத் தெரியும். ரத்த அகரில் ஒன்றிரண்டு நாளில் நிறமில்லாமல், தட்டையாக, அகருக்குள் புதைந்தாற்போல் படரும். உறுதி செய்ய, கொதிக்க வைத்த புல் தாளின் துண்டுகளைப் பிளேட்டில் வைத்து அதன் மேல் படரவிட்டு, பிறகு அந்தத் துண்டுகளைச் சிறிது உப்புகள் சேர்த்த தண்ணீரில் 37 டிகிரியில் போட்டு வைப்பார்கள். பிதியமாக இருந்தால் சில மணி நேரத்தில் புல் ஓரத்தில் சின்னப் பைகள் உருவாகி, உடைந்து, உள்ளிருந்து நீந்தும் வித்துகள் வெளியே வரும். அதை நுண்ணோக்கியில் பார்த்து, எழுதி, வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லும்வரை அந்தக் கண்ணில் மணிக்கு ஒரு முறை நாட்டமைசின்தான் விழுந்துகொண்டிருக்கும்.